தூங்கிய தாழி குறித்துப் பனிமலைக் கூற்றத்து அதிகாரிக்கு

நலம் பெருகுக. மழையும் விளைவும் முறை தவறாத வெண்குன்ற நாட்டை ஆண்டருளும் கோமகள் கொற்றநங்கையார் திருவாய் மலர்ந்தருளியபடி ஓலைநாயகம் கூத்தாடி எழுவன் எழுதியது. பனிமலைக் கூற்றத்தின் அதிகாரியும், அறுபது ஊர்களுக்குக் காவலரும், அரச மோதிரம் பெற்றவருமான பூதி குவாவனார் காண்க. உமது கூற்றத்தின் ஊர்களும் ஏரிகளும் ஆநிரைகளும் நலமாயிருக்க. உமக்கும் நலம் கூறுவது வழக்கம். இன்று அதைக் கூறக் கோமகளார் திருவுளம் கொள்ளாமையால் அது எழுதப்படவில்லை.

நீர் விடுத்த ஓலையும், சான்று என்று பட்டுத்துணியில் சுற்றி அனுப்பிய மிதப்புக்கோலும் வந்து சேர்ந்தன. நெற்கள்ளான தோப்பியைக் காய்ச்சுபவள், காடன் மகள் சாத்தி, காவலில் தூங்கினாள், பின்பு தாழியில் களவாய் வெல்லம் கலந்தாள், ஆதலால் வருகிற வெள்ளியன்று தாழியை உடைத்து, இனி எந்தத் தாழியிலும் அவள் கை படாதபடி விலக்குகிறோம் என்று எழுதியிருந்தீர். அது எந்தத் தாழி என்பது உமக்குத் தெரியும். நாற்பது ஆண்டுப் பகை தீர்ந்து, தை முழுநிலா நாளில் நம் கோமகளாரும் கடல்நாட்டு அரசரும் ஒன்றாகப் பருகுவதற்கென்று, இரு நாட்டு முளைநெல்லையும் கலந்து காய்ச்சிய தாழி அது. இன்னொன்று காய்ச்ச நாளில்லை.

நடந்தது யாது என்று ஓலை கொண்டுவந்த உமது ஓட்டன் வடுகனைக் கேட்டறிந்தோம். அவன் நீர் எழுதாமல் விட்டதையெல்லாம் சொன்னான்.

மிதப்புக்கோல் என்பது அடியில் ஈயம் வைத்து, வரைகளாக ஒன்பது கோடு கீறிய மூங்கில் குச்சி. தோப்பி புதிதாய், இனிப்பாய், கெட்டியாய் இருக்கையில் கோல் அமிழாமல் நிற்கும். ஒரு வரைதான் நனையும். புளிக்கவைக்கும் உறை அந்த இனிப்பைத் தின்னத் தின்னக் கோல் இறங்கும். ஏழு வரை நனைந்தால் தோப்பி முற்றிற்று. கூற்றத்து அதிகாரி ஒருவருக்கு இதை ஓலையில் எழுதி விளக்க நேர்ந்ததே தலைகுனிவுதான்.

சாத்தியின் தாழி ஐந்து நாள் நன்றாய்ப் பொங்கியது. ஆறாம் நாள் கோல் நான்காம் வரையில் நின்றது. மறுநாளும் நான்கு, அதற்கு மறுநாளும் நான்கு. முப்பது ஆண்டுகளாகத் தாழியோடே வாழ்ந்தவள் அவள். கையை வைத்துப் பார்த்தாள், தாழி சில்லென்று கிடந்தது. வடக்கு மலைக் காற்று கதவிடுக்கு வழியே புகுந்து நேரே அதன்மேல் அடித்திருந்தது. குளிர் கண்டால் உறை வேலையைப் போட்டுவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், செத்துப்போகாது. இதை அவள் அறிவாள். அந்நேரம் உமது எழுத்தர் வந்து கோல் எங்கே நிற்கிறது என்று வினவ, தாழி தூங்குதுங்க, நாலாம் வரையிலேயே நிக்குது, சூடு காட்டி எழுப்பிடுவேன், யாரும் மூடியைத் தெறக்காம இருந்தாப் போதும் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

தோப்பி காய்ச்சுவோர் அனைவரும் சொல்லும் சொல் அது. உமது எழுத்தரோ, ஓலையில் இடம் மிச்சம் பிடிக்க எண்ணித் தாழி என்ற சொல்லை விட்டுவிட்டுச் சாத்தி காவலில் தூக்கம் என்று மட்டும் எழுதினார். நீர் அதைப் படித்து, தூங்கியது யார், எப்போது என்று ஒரு வார்த்தை கேளாமல், கோட்டைக் காவலில் தூங்கிய வீரனுக்குரிய தண்டத்தை அவளுக்கு விதித்தீர். ஐம்பத்தாறு வயதுப் பெண்ணைக் கைகளைக் கட்டி ஊர்வாசலில் இரண்டு பகல் நிறுத்தினீர். தூங்கினவள், தூங்கினவள் என்று பறையறைவித்தீர். அங்கும் அவளுக்கு மானத்தைவிடத் தாழியே பெரிதாய் இருந்தது. நாளைக்கு எத்தன நேரம் வேணாலும் நிக்கிறேன், இன்னைக்கு ஒரு நாழிகை விடுங்க, போய்ப் பாத்துட்டு வந்துடுறேன் என்று மன்றாடினாளாம். காவலர் சிரித்தனர். உமது மாடத்துக்கும் அது கேட்டது என்று வடுகன் சொல்கிறான்.

அவிழ்த்து விட்டதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தாழி இருந்த கொட்டிலுக்கு ஓடினாள். கதவிடுக்கை அடைத்தாள். உமிச்சாம்பலைச் சூடாக்கித் தாழியைச் சுற்றிக் கொட்டினாள். நீண்ட அகப்பையால் அடிவண்டலை மெல்லக் கிளறி மேலெழுப்பி, பொங்கிக்கொண்டிருந்த வேறொரு தாழியிலிருந்து ஓரகப்பை நுரை எடுத்து விட்டாள். மறுநாள் உச்சிப்பொழுதில் தாழியின்மேல் காதை வைத்தபோது உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்டது. தண்டத்தின்போது அழாதவள் அப்போது அழுதாள்.

அந்த நல்ல நாளிலேதான் நீர் பரிவாரத்தோடு எழுந்தருளினீர். மூடியைத் திறந்தீர், கோலை விட்டீர், மூன்றாம் வரையில் நிற்கிறது என்று கண்டீர். நான்கு மூன்றானால் இனிப்பு கூடிற்று, இனிப்பு கூடினால் வெல்லம் போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினீர். ஐயா, குமிழி ஒட்டிக்கிட்டுக் கோலத் தூக்குது, ரெண்டு விரலால ஒரு சுத்துச் சுத்திவிட்டுப் பாருங்க என்று அவள் கைகூப்பிச் சொன்னாள். காவலில் தூங்கியவளிடம் பாடம் கேட்கும் நிலையில் நாம் இல்லை என்று நீர் மறுமொழி பகர்ந்தீராம்.

கோமகளார் பாடம் கேட்டருளினார். நீர் அனுப்பிய அதே கோலை, அரண்மனையில் பொங்கிக்கொண்டிருந்த தாழியில், அவையோர் காணத் தம் கையாலேயே இட்டார். நான்கு என்று காட்டிற்று. சாத்தி சொன்னபடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். குமிழிகள் உதிர்ந்தன; கோல் ஐந்துக்கு இறங்கிற்று. கோமகளார் முகம் சிவந்ததை இந்த ஓலைநாயகம் இருபது ஆண்டில் இன்றுதான் கண்டான். செத்த தாழியில் குமிழி எழாது, அவள் உயிர் கொடுத்து எழுப்பியதற்கு எது அடையாளமோ அதையே அவள் குற்றத்துக்குச் சான்றாக்கிப் பட்டில் சுற்றி நமக்கே அனுப்பியிருக்கிறான், இவனை நம்பியா அறுபது ஊரை விட்டிருக்கிறோம் என்று வினவியருளினார்.

ஆகவே அறிக. தாழி உடைபடலாகாது. சாத்தியின் மேலிட்ட விலக்கு இந்நொடியே நீங்கிற்று. அவள் நின்ற அதே வாசலில், அதே பறையை அறைவித்து, தூங்கியது தாழியே, அவள் அன்று என்று உமது வாயாலேயே இரண்டு பகல் கூறி நிற்க வேண்டும். வேறொருவரை நிறுத்திக் கூறச் செய்வது செல்லாது. உமது எழுத்தரும் உடன் நிற்பாராக. இதற்கு மாறு செய்வோர் கோமகளாரின் ஆணைக்கு மாறு செய்தோர் ஆவர். குன்றும் குவளையும் பொறித்த அரச முத்திரை இடப்பட்டது.

முத்திரைக்குப் பின் எழுதியது. அரக்கு ஆறுவதற்குள், இத்தனை நேரம் தயங்கி நின்ற வடுகன் இன்னொன்றும் உண்டு என்றான். அவன் புறப்படுகையில் சாத்தி வழிமறித்து ஒரு சொல் சொல்லியனுப்பினாளாம். தண்டத்தைப் பற்றியோ விலக்கைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை. தாழியச் சுத்தி நான் கட்டியிருந்த வைக்கோலச் சான்றுன்னு உருவிட்டுப் போயிட்டாங்க, என்னைய என்ன வேணாலும் பண்ணட்டும், அத மட்டும் திருப்பிக் கட்டச் சொல்லுங்க, அதுக்குக் குளிரும் என்றாளாம். இதைக் கேட்டுக் கோமகளார் இட்ட கட்டளை இது. இதைப் படித்து முடித்ததும், உடை மாற்றவும் நில்லாமல், வைக்கோலை நீரே சுமந்து கொட்டிலுக்குப் போக. உமது கையாலேயே தாழிக்குச் சுற்றுக. நழுவாதபடி இரு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்க. சாத்தி போதும் என்று சொல்லும்வரை கையை எடுக்கலாகாது.