போர்னியோவில் எங்கள் வேலி

2003 ஜூன் 14, சனி

என் வீட்டுக்காரர் மரியரட்ணம் இன்று ஒரு காணி வாங்கிவிட்டார். போர்னியோவில். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வந்து சொன்னார். அதனால் நான் அழுகிறேனா இல்லையா என்று அந்த மனிதருக்குத் தெரிந்திராது.

ஏன் என்று கேட்டேன். "ஊரில எங்கட மயிலிட்டிக் காணி ஆமிக்காரன்ர முள்ளுக்கம்பிக்குள்ளை. போன வருசம் போய்க் கண்ணாலயாவது பாக்க விட்டவங்களே? சாண்ட்ராவுக்குச் சீதனமா எழுத ஒரு துண்டு நிலம் வேண்டாமோ?"

மகள் சாண்ட்ராவுக்குப் பத்தொன்பது வயது. தாதிப் படிப்பில் இருக்கிறாள். கல்யாணம் என்ற சொல்லை எடுத்தாலே காதில் இரண்டு வயரைச் செருகிக்கொள்கிறாள். எந்த மாப்பிள்ளை போர்னியோவுக்குப் படகேறப் போகிறான்?

ஜூன் 15

சாண்ட்ராவின் பள்ளிக்கூட அட்லஸில் தேடினேன். போர்னியோ இருக்கிறது. காணி இருப்பதாகச் சொன்ன லோங் பெலாவி இல்லை. "வளரப்போற இடம். இன்னும் படத்தில போடேல்லை" என்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

விற்றவர் பான் நகரத்துக் குமாரசாமி. முதலில் வீடியோக் கடை வைத்திருந்தார், பிறகு ரெலிபோன் கார்ட் விற்றார், பிறகு ஆயுள் காப்புறுதி. இப்போது நிலம். எதை விற்றாலும் அதே கழுத்துப்பட்டிதான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பக்கத்துத் துண்டைக் கொறற்றியின் புருஷன் சவிரிமுத்து வாங்கியிருக்கிறார். ஜெர்மனிக்கு வந்த புதிதில் கொறற்றியும் நானும் அகதி முகாமில் ஒரே அறையில் கிடந்தவர்கள். சாண்ட்ரா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான். இப்போது இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை.

"இனிச் சாகுமட்டும் பக்கத்து வளவடி மலர். வேலியில ஒரு பொட்டு வைப்பம். நீ அங்கால கறியைத் தா, நான் இங்கால கதையைத் தாறன்" என்றாள். ஊரில் அந்த ஓட்டைக்குள்ளால் குனிந்து போய்வராத பெண் உண்டா? எனக்கும் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. ஒளிப்பானேன்.

ஜூலை 13, ஞாயிறு

தேவாலய மண்டபத்தில் குமாரசாமி வரைபடத்தை விரித்தார். றோட்டு வரும், கரண்ட் வரும், விமான நிலையம் வரும். இதுவரை வந்தது குமாரசாமி மட்டும்தான். இப்போதைக்கு ஆற்றில் ஒரு நாள் முழுக்கப் படகுப் பயணம், ஒரு கடை, நிறைய அட்டை. நோய் வருத்தம் வந்தால் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். "அங்கை ஒருத்தருக்கும் வருத்தம் வாறேல்லை, காத்து அப்பிடி."

கூட்டம் முடிவதற்குள் 'அகில ஐரோப்பிய லோங் பெலாவி முன்னேற்றச் சங்கம்' உருவாகிவிட்டது. தலைவர் சவிரிமுத்து, செயலாளர் என் வீட்டுக்காரர். முதல் தீர்மானம், வரப்போகும் றோட்டுக்கு யார் பெயர் வைப்பது என்பது. அதிலேயே பாதிப் பேர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

வரைபடத்தில் நமக்கும் கொறற்றி வீட்டுக்கும் நடுக்கோட்டில் ஒரு மரம் கீறியிருக்கிறது. டுரியான் மரமாம், காய்த்தால் லொறிக் கணக்காம். யாருடையது? குமாரசாமி மரியரட்ணத்தைத் தனியே கூப்பிட்டு "உங்கட" என்றிருக்கிறார். சவிரிமுத்துவையும் தனியே கூப்பிட்டு "உங்கட" என்றிருக்கிறார்.

அதோடு விட்டதா? இன்று பூசை முடிந்து மண்டபச் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்தால் எல்லைக் கோடு எங்கள் பக்கம் தள்ளியிருக்கிறது. பழைய கோட்டை அழிறப்பரால் அழித்து, பென்சிலால் புதுக்கோடு. ஊரில் என்றால் இரவோடிரவாக வேலிக் கதியாலைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நடுவார்கள். இங்கே அடிமட்டம் வைத்து நேராகக் கீறியிருக்கிறார் சவிரிமுத்து. ஜெர்மனி மனிதர்களைத் திருத்தத்தான் செய்கிறது.

"மில்லிமீற்றர்தானே" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "படத்தில மில்லிமீற்றர், நிலத்தில எவ்வளவு எண்டு உமக்குத் தெரியுமே?" என்று மரியரட்ணம் என்னிடம் பாய்ந்தார். பிறகு அவரும் ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு போனார்.

ஓகஸ்ட் 9, சனி

கெவெலார் மாதா யாத்திரை. இந்த வருடம் ஜெர்மனியே அடுப்பாகக் கொதிக்கிறது. நேற்று விசிறி வாங்குவோம் என்றேன். "வேண்டாம், உடம்பு போர்னியோவுக்குப் பழகட்டும்" என்றார்.

ஒவ்வொரு வருடமும் இரண்டு வீட்டுப் பாயையும் ஒட்டிப் போட்டுத்தான் சாப்பிடுவோம். இன்று கொறற்றி பாயைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்தடிக்குப் போய்விட்டாள். போகும்போது என் முகத்தைப் பார்க்காமலே, "உங்கட மனிசன் என்ர மனிசனைக் காணிக் கள்ளன் எண்டு சபையில சொன்னவராம்" என்றாள். உங்கட. இருபது வருடமாக நீ, வாடி, போடி. இன்று உங்கட.

ஓகஸ்ட் 11

கொறற்றி வேலையில் மாடி மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டாள்.

செப்டெம்பர் 3

எனக்கு விசர் பிடிக்குது. என்ன கிடக்கு அங்கை? ஒரு மரம். அதையும் ஒருத்தரும் கண்ணால காணேல்லை. காணாத மரத்துக்காக நான் தனியச் சாப்பிடுறன், தனிய ட்ராமில வாறன். மாதாவே, அந்த மரம் இடி விழுந்து பட்டுப்போகாதோ?

ஒக்டோபர் 5, ஞாயிறு

முடிவு வந்துவிட்டது. மரியரட்ணம் நேரில் போய் அளக்கப் போகிறாராம். அதைக் கேள்விப்பட்டு சவிரிமுத்துவும் போகிறாராம், இவர் தனியே போனால் கூட அளந்துவிடுவார் என்று. இருவருக்கும் மலிவு ரிக்கெற் ஒரே விமானத்தில்தான் கிடைத்திருக்கிறது. ஒருவருக்கு முன்வரிசை, மற்றவருக்குப் பின்வரிசை. ஆளுக்கொரு அளவு நாடா.

"ரெண்டு பேருக்கும் ஒண்டு காணாதோ அப்பா?" என்று சாண்ட்ரா கேட்டாள். அவன்ர நாடா இழுபடுமாம்.

நவம்பர் 16, ஞாயிறு

திரும்பிவிட்டார்கள். சவிரிமுத்துவின் காரில் இருவரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். எனக்குப் பயமாகிவிட்டது, யாராவது செத்துப்போனார்களோ என்று.

அட்டை கடித்த காலை வாளித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சொன்னார். மரம் இருக்கிறதாம், அவ்வளவு பெரிய மரமாம். "ஆனால் அங்கை ஆக்கள் இருக்கினம், மலர்."

"எங்கை?"

"எங்கட காணியில. அவன்ர காணியிலையும். நீள வீடு ஒண்டு, அதுக்குள்ளை கனக் குடும்பம். ஒரு மனிசி பாயில மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தா. மரத்தில கொடி கட்டி உடுப்புக் காயப் போட்டிருக்கு. அந்த மரம் அவவின்ர பாட்டன் வைச்சதாம். எங்களைக் கண்டதும் இருத்திச் சோறும் மீனும் தந்தவ. பிறகுதான் படகுக்காரனிட்டை இவை ஏன் வந்தவையெண்டு கேட்டவ. அவன் சொன்னான். மனிசி கோவிக்கேல்லை. அப்ப நாங்கள் எங்கை போறது எண்டு மட்டும் கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"சவிரி பொக்கற்றுக்குள்ளை நாடாவைப் பிடிச்ச கையை வெளியில எடுக்கேல்லை. நானும் எடுக்கேல்லை." வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மயிலிட்டியில எங்கட வளவையும் இப்பிடித்தான் ஆரோ நாடாவோட வந்து அளந்திருப்பாங்கள். எங்களிட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

கல்யாணமான நாள் முதல் இந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. இன்று வெங்காயமும் இல்லை.

நவம்பர் 17

இடைவேளையில் கொறற்றி எங்கள் மாடிக்கு வந்தாள். என் வாளியை எடுத்துப் போய்த் தண்ணீர் மாற்றிக்கொண்டு வந்து வைத்தாள். "எடியே, உன்ர மனிசனுக்கும் அட்டை கடிச்சதோ?" என்றேன். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மேற்பார்வைக்காரி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

2004 பெப்ரவரி 19, வியாழன்

குமாரசாமி வீட்டுக்கே வந்தார், கொறற்றியும் சவிரிமுத்துவும் இருந்த நேரம். பிராங்பேர்ட்டில் ஸ்ரீநிவாஸ் என்றொரு கம்ப்யூட்டர் பொடியன், தமிழ்நாட்டுப் பிள்ளை, இரண்டு துண்டையும் நாங்கள் கொடுத்த விலைக்கு மேலேயே வாங்கத் தயாராம். போட்ட காசு முழுக்கத் திரும்பி வரும்.

மரியரட்ணம் சவிரிமுத்துவைப் பார்த்தார், சவிரிமுத்து மரியரட்ணத்தைப் பார்த்தார். எனக்கும் ஆசைதான். காசு என்றால் பிணமும் வாய் திறக்கும் என்கிறார்களே. சாண்ட்ராதான் கேட்டாள், "அந்த அண்ணாவுக்கு ஆக்கள் இருக்கினமெண்டு தெரியுமோ அங்கிள்?"

"அதெல்லாம் அவர் போய்ப் பாத்துக்கொள்ளுவார் பிள்ளை."

"அப்ப ஏலாது" என்றார் மரியரட்ணம். "ஓம், ஏலாது" என்றார் சவிரிமுத்து. முன்னேற்றச் சங்கம் ஏகமனதாக எடுத்த ஒரே தீர்மானம் இதுதான்.

குமாரசாமி கோபமாக எழும்பினார். இன்று இங்கே கொலோனில் கார்னிவல், பெண்கள் ஆண்களின் கழுத்துப்பட்டியை வெட்டும் நாள். பான்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்? கொறற்றி குசினிக் கத்திரிக்கோலோடு வந்து, "கோவிக்காதேங்கோ அண்ணை, ஊர் வழக்கம்" என்று நறுக்கென்று வெட்டிவிட்டாள்.

ஓகஸ்ட் 14, சனி

கெவெலார். குமாரசாமி புதுக் கழுத்துப்பட்டியோடு ஒரு மரத்தடியில் வரைபடத்தை விரித்திருந்தார். அதே படம்தான், எங்கள் இரண்டு துண்டு மட்டும் விற்றுப்போனதாக வேறு நிறத்தில். சனமும் கூடிவிட்டது.

எங்கள் இரண்டு வீட்டு ஆண்களும் போய் அவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராகக் கதியால் போல நின்றுகொண்டார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. குனிந்து படம் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும், "அங்கை ஆக்கள் இருக்கினம்" என்று சொன்னார்கள். கேட்டவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து போனார்கள். நேரம் போகக் குமாரசாமியும் படத்தைச் சுருட்டினார்.

நானும் கொறற்றியும் பாயை ஒட்டிப் போட்டுவிட்டு அங்கேதான் நின்றோம். ஸ்ருட்கார்ட்டிலிருந்து வந்த ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, போகாமல் நின்று கேட்டாள். "அப்ப உங்கட சொந்தக் காணி எங்கை அண்ணை?"

"மயிலிட்டியில, முள்ளுக்கம்பிக்குள்ளை, பிள்ளை" என்றார் மரியரட்ணம். குழந்தையின் தொப்பியை நேராக்கிவிட்டார்.

"அங்கையும் ஆக்கள் இருக்கினம்."

கொறற்றி அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.