நாலணாக் காசை எடுத்துவிட்டேன்

சிக்கல்,
3.6.2024

அன்புள்ள மச்சானுக்கு,

துர்காதேவி எழுதிக்கொண்டது. நானும் பிள்ளைகள் இருவரும் இங்கே குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே அந்த வெயிலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் ஒரே யோசனை. தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று சொன்னால் நீங்கள் ஒன்பது சொல்லிக் குறுக்கே விழுகிறீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பாக்கர் அண்ணன் லீவு முடிந்து நாளை மறுநாள் கத்தாருக்குத் திரும்புகிறார். ஊறுகாய்ப் பாட்டிலோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். பாட்டிலைத் திறக்கும் முன் இதைப் படித்து முடியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய ரேடியோ செட்டை நான் விற்கவில்லை.

நீங்கள் பேசி முடித்திருந்தபடி இராமேஸ்வரத்து லாட்ஜ்காரர் வேனோடு வந்தார். குழாய் ஸ்பீக்கரையும் ரெக்கார்டு பிளேயரையும் லாட்ஜ் முன்னறையில் அழகுக்கு வைக்கப்போகிறாராம். அது பாட வேண்டியதே இல்லை, துடைத்துப் பளபளப்பாக வைத்தால் போதும் என்றார். அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் கேட்டபோதெல்லாம் திருவிழா முடியட்டும் என்று மழுப்பினேன். கோபப்படுங்கள், ஆனால் மீதியையும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

இன்னும் இரண்டு வருடத்துக்குக் கம்பெனியில் கையெழுத்துப் போடப்போகிறேன், அதுவரை செட் சும்மா கிடந்து வீணாகும், பிளேயர் முள்ளும் தேய்ந்துபோயிற்று என்று சொன்னீர்கள். தேய்ந்தது முள்தானே, செட் இல்லையே. வளையல் உடைந்தால் கையையா வெட்டிப்போடுகிறோம்?

ஆனால் முள் மோசமாகத்தான் இருந்தது. நானும் போட்டுப் பார்த்தேன். பாட்டில் ‘ச’ வருகிற இடத்திலெல்லாம் காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த சத்தம். இசைத்தட்டின் கடைசிப் பாட்டு வந்தால் பாடுகிறவருக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி. இதைக் கோயிலில் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நம் அம்மன் கோயிலில் பிள்ளையார் பாட்டு நம் குழாயில் முழுக்க ஓடி முடிந்த பிறகுதான் பூசாரி காப்புக் கயிற்றைத் தொடுவார். நடுவில் நின்றாலோ குதித்தாலோ சகுனம் சரியில்லை என்று ஊரே பேசும்.

இருளாண்டி சின்னமாமா முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிட்டார். ஆம்பிளை இல்லாத வீட்டுச் செட்டை நம்பிக் காப்புக் கட்ட முடியாது, டவுனிலிருந்து பாக்ஸ் செட்டுக்குச் சொல்லப்போகிறோம் என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. உங்கள் சித்தப்பா என்பதால் அடக்கிக்கொண்டு, ஒரு வாரம் கொடுங்கள், சரியாகப் பாடாவிட்டால் நானே பாக்ஸ் செட்டுக்குப் போன் போடுகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

மறுநாள் பழைய முள்ளைக் கழற்றித் தீப்பெட்டியில் வைத்து, இராமநாதபுரத்தில் மீரா சாகிபு பாயின் ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனேன். எந்தப் பக்கம் இழுத்தால் கழலும் என்று தெரியாமல் அரை மணி நேரம் போராடியது தனிக் கதை. பாய் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இது எப்படி ஒரே பக்கம் சப்பையாகிக் கிடக்கிறது, மேலே ஏதும் பாரம் வைத்தீர்களா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாரம் வைத்த மகராசன் கத்தாரில் அல்லவா இருக்கிறார்! கொட்டுச் சத்தத்துக்குப் பிளேயர் கை குதிக்கிறது என்று மெழுகு வைத்து நாலணாக் காசை ஒட்டினீர்களே, அதுதான். அந்தக் காசு முள்ளை மட்டுமா தின்றது? நம் தட்டுகளில் பாதி வெள்ளை பூத்துக் கிடக்கிறது.

பாய் மதுரையிலிருந்து இரண்டு முள் வரவழைத்துக் கொடுத்தார். ஒன்று போதும் என்றேன், வீட்டில் மாற்றுகிறவர்கள் இரண்டாகத்தான் வாங்க வேண்டும் என்றார். அனுபவஸ்தர். வீட்டுக்கு வந்ததும் தூசி இருக்கிறதே என்று முதல் முள்ளை முந்தானையால் துடைத்தேன். சேலை நூலில் மாட்டி மளுக்கென்று ஒடிந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன் மச்சான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டாவதை எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக வைத்துத் தள்ளினேன். ‘டிக்’ என்று உட்கார்ந்தது.

முள் வந்த அட்டையில் இரண்டரை கிராம் பாரம் என்று போட்டிருந்தது. அதை எதில் நிறுப்பது? காளிதாஸ் ஆசாரியின் பவுன் தராசு ஞாபகம் வந்தது. அவர் தராசோடு வீட்டுக்கே வந்து, வாழ்நாளில் இப்படி ஒரு நகையை நிறுத்ததில்லை என்றார். பிளேயர் கையைக் காசோடு தராசில் இறக்கியபோது ஆறு கிராம் காட்டியது. காசைப் பெயர்த்தெடுத்து, கையின் பின்னால் இருக்கிற எடைக் குண்டை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். இரண்டரையில் நின்றது.

காசு போனால் குதிக்குமே என்பீர்கள். குதித்தது. மேசையில் வைத்தேன், பலகையில் வைத்தேன், பக்கத்தில் பிள்ளைகள் ஓடினாலே தாவியது. கடைசியில் வீட்டில் அடுக்கிவைத்த மிளகாய் வத்தல் மூட்டையில் ஒன்றை இழுத்துப்போட்டு, மேலே பலகை வைத்து, அதன் மேல் பிளேயரை ஏற்றினேன். உலக்கையால் தரையை இடித்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. மூட்டையோடே கோயிலுக்குக் கொண்டுபோனதில் இன்னொரு லாபமும் உண்டு. கோயிலில் வழக்கமாகப் பிளேயரைச் சுற்றி நின்று யோசனை சொல்கிற பெரியவர்கள், மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு தூரப் போய்விட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை காப்புக் கட்டு. கொட்டுக்காரர்கள் பத்தடி தள்ளி நிற்கிறார்கள். நான் தட்டைத் துடைத்து, அம்மனை நினைத்து, முள்ளை இறக்கினேன். பிள்ளையார் பாட்டு கண்மாய்க்கரை வரை சுத்தமாகக் கேட்டதாம். ஒரு ‘ச’ கூடக் கரகரக்கவில்லை. பாட்டு பாதி ஓடும்போது இருளாண்டி சின்னமாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தார். ஏதோ குறை சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, “ஏத்தா, சத்தத்தக் கொஞ்சம் கூட்டு, அங்கன பின்னால நிக்கிறவுகளுக்கும் கேக்கட்டும்” என்றார்.

கூட்டினேன். என் கல்யாணத்தன்றுகூட நான் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை. எனக்கு என் மேலேயே பெருமையாக இருந்தது மச்சான், அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அதன் பிறகு கடலாடிப் பக்கம் ஒரு காதுகுத்துக்கும், அக்காள்மடத்தில் ஒரு கல்யாணத்துக்கும் நம் செட்டைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். லாட்ஜ்காரரிடம் முன்னறைக்குப் பூச்சாடி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு குறைதான். குழாயை வேப்பமரத்தில் கட்டப் பக்கத்து வீட்டு முத்துராமலிங்கத்தைக் கூப்பிட்டேன். கோணலாகக் கட்டிவிட்டான். நானே ஏறலாம் என்று பார்த்தால், மூன்றாவது கிளைக்கு மேல் எனக்குத் தலை சுற்றுகிறது. முள் மாற்ற, பாரம் நிறுக்க, சின்னமாமாவைச் சமாளிக்க எல்லாம் நானே போதும். குழாய் கட்ட மட்டும் ஆள் இல்லை. அம்மன் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். அந்தக் கையெழுத்தை இன்னும் போடவில்லை என்றால், பேனாவை மூடி வைத்துவிட்டு மரம் ஏற வாருங்கள்.

உங்கள்
துர்காதேவி