இழைப்பு மிஷினை அளக்காமல் விட்டேன்

1941, தை 12, சனிக்கிழமை

எங்கள் மரப்பட்டறையில் தூளை உறிஞ்சும் காற்றாடி இன்று மதுரையிலிருந்து வந்தது. வாசலோரம் இருக்கும் ரம்ப மிஷினில் மாட்டியபோது நன்றாக இழுத்தது. உள்ளே இருக்கும் இழைப்பு மிஷினையும் சேர்த்தவுடன் இரண்டு பக்கமும் தூள் அப்படியே நின்றது.

"ஏலே சவரிமுத்து, ரெண்டு மிஷினையும் அளந்துதானலே சொன்னே?" என்று அப்பா கத்தினார்.

அளக்கச் சொன்னது பட்டறையில் வேலை பார்க்கும் சவரிமுத்து அண்ணனிடம், மதுரைக்குக் கடிதம் எழுதச் சொன்னது என்னிடம். அண்ணனுக்கு டேப்பில் எண் படிக்க வராது. அதனால் என்னையும் உள்ளே கூப்பிட்டார். இழைப்பு மிஷினுக்குப் போக ஆறு ஆண்களைத் தாண்ட வேண்டும். தாவணி போட்ட பிறகு நான் அங்கே போனதே இல்லை. "இது போதும்ண்ணே" என்று சொல்லி, ரம்பத்தின் அளவை மட்டும் எழுதி அனுப்பினேன். அந்த ஒன்றுக்குப் போதுமான காற்றாடிதான் வந்திருக்கிறது.

கதவுக்குப் பின்னால் நின்ற என்னை அண்ணன் பார்த்தார். "நாந்தான் மறந்துட்டேன் மொதலாளி" என்றார். நான் கதவுக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கிக்கொண்டேன்.

"மறந்தவன் நீயே இழைப்பு மிஷின்ல நின்னு தூளத் தின்னுலே" என்றார் அப்பா.

மாலையில் அண்ணன் இருமிக்கொண்டே தண்ணீர் கேட்டுப் பின்வாசலுக்கு வந்தார். செம்பைக் கொடுத்தேன்.

"அழாத பாப்பா. மூக்குல துண்டக் கட்டிக்கிட்டாப் போச்சு."

அப்பா இன்னும் தூங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் அறைக் கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். அங்கே ஆறு பேர் இல்லை. அப்பா ஒருவர்தான்.