மாதம்மாள் அக்காவின் வயிற்றுவலி

ஜனவரி 6, 2026

நர்சிங் பிள்ளைகள் எங்கள் மலையூரான சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே குளிரில் நடுங்கினார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அவர்களுக்குப் பயிற்சி. ஊர்க்காரர்கள் நோயாளியாக நடிப்பார்கள். பிள்ளைகள் கேட்டுக் கேட்டு நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். நடிக்க ஆள் சேர்ப்பது என் வேலை. எங்கள் வீட்டின் முதல் டிகிரிக்குக் கிடைத்த முதல் வேலை.

மாதம்மாள் அக்காவுக்குக் குடல்வால் வலி என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். எதிரே உட்கார்ந்த நர்சிங் பெண் கௌசிகாவுக்குப் பேச்சே வரவில்லை. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"பயப்படாத கண்ணு. வலி இந்தப் பக்கம். குடல்வால்னு எழுதிக்க."

காளியண்ணன் மாமா அதற்கும் மேல். "எனக்குச் சர்க்கரைங்க" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார்.

ஜனவரி 7

டாக்டர் அர்த்தனாரி முதலில் சிரித்தார். பிறகு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பயிற்சியக் கீழ காளப்பநாயக்கன்பட்டிக்கு மாத்திடலாம், பூங்குழலி" என்றார். மாற்றிவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை?

இனி நோயை நீங்களே சொல்லக் கூடாது என்று அக்காவிடம் சொன்னேன். "புள்ள திணறுது, நான் பாத்துட்டு உக்காந்திருக்கட்டுமா? நீயெல்லாம் ஒரு மனுசியா?" என்று பாய்ந்தார்.

தலையாட்டிவிட்டு வந்தேன், வழக்கம்போல.

ஜனவரி 12

அக்கா மிளகு பறிக்கப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. நானே உட்கார்ந்தேன். நான் நடிக்க வேண்டிய நோயாளி தலைவலி என்று வந்தவள். ஆனால் மார்பில் கட்டி இருக்கிறது. கேட்டால்தான் சொல்ல வேண்டும். கேட்டால்தான் வாய் திறப்பவள் நான்; இதில் எனக்கு நடிக்க என்ன இருக்கிறது?

நான்கு பேர் தலைவலி என்று எழுதிக்கொண்டு போனார்கள். கௌசிகாவும் எழுதினாள், எழுந்தாள். என்ன நினைத்தாளோ, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வேற ஏதாச்சும் இருக்குதுங்களா? மெதுவாச் சொல்லுங்க."

பேனாவை மூடிவிட்டுச் சும்மா இருந்தாள். சொன்னேன். பொய்க் கட்டிதான் — அப்படியும் கைகளை மார்போடு கட்டிக்கொண்டேன்.

கடைசியில் நோயாளியாக நடித்தவர் எல்லோர் முன்னும் பிள்ளைகளின் குறையைச் சொல்ல வேண்டும். தரையைப் பார்த்தபடி சொன்னேன்: "எல்லாரும் நல்லாத்தான் கேட்டீங்க. ஆனா கதவு தொறந்திருந்துச்சுங்க."

யாரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்கள்.

ஜனவரி 13

"நாலு புள்ளைகளப் பெயிலாக்கிப் போட்டியாமா, பாவி" என்றார் அக்கா.

"கௌசிகா கண்டுபிடிச்சாளேக்கா."

"நீ வாயவே தொறக்காமயா?"

"அவ கேக்கற வரைக்கும்."

அக்கா மிளகு உருவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அதிசயம்.

ஜனவரி 27

புதுப் பிள்ளைகள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே இருந்த பெண் திணறினாள். அக்காவின் உதடு துடித்தது. கதவருகே நின்ற என்னைப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அந்தப் பெண் அதைக் கவனித்தாள். எழுந்து வந்து, என்னை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பிப்ரவரிக்கும் இங்கேயே ஆள் சேர்க்கச் சொல்லிவிட்டார் டாக்டர். காளியண்ணன் மாமாவைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.