வலசை போன கிளிக்கு ஒரு பாட்டு

தென்காசி
4.8.1979

மதிப்பிற்குரிய கிட்டு அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை நீலாவோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த சொக்கம்மாள் எழுதுகிறேன். நலமா என்று கேட்க வேண்டியதில்லை. பத்திரிகையில் படம் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக நலமாகவே இருக்கிறீர்கள். இப்போது பெயர் கவிஞர் தென்சாரலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் நல்ல சீசன். மெயின் அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். டீக்கடை ஸ்பீக்கரில் உங்கள் பாட்டு.

நீ நனைந்த அருவியிலே
நான் தலை நீட்டினேனடி
நெஞ்சுக்குள்ளே சாரல் இன்னும்
நிற்கவில்லையடி

கூட வந்த சங்கரம்மாள், "ஏட்டி, மனுசன் எப்படி எழுதியிருக்கான் பாத்தியா" என்றாள். பிழிந்த துண்டையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டு நின்றேன். அது 1971 ஆடியில் நான் நீலாவுக்கு எழுதிய கடிதம். நான் அவளை 'அடி' என்றே எழுதியிருந்ததால், ஆண் குரலில் பாட வைக்க நீங்கள் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. மன்னியை நினைத்து எழுதியதாக ரேடியோவில் சொன்னீர்கள். மன்னி நம்பிவிட்டார்களா?

நீலாவின் டிரங்குப் பெட்டியை உடைத்து என் கடிதங்களை எடுத்தது நீங்கள். வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் முன்னால் உரக்கப் படித்தீர்கள். "இது சீக்கு. கட்டிக் குடுத்தா சரியாப் போயிடும்" என்றீர்கள். முப்பது நாளில் அவளுக்குக் கல்யாணம் முடித்து பம்பாய்க்கு அனுப்பினீர்கள். என் அப்பாவிடமும் வந்து சொன்னீர்கள். அவர் சாகும்வரை என்னோடு பேசவில்லை. கடிதங்களைச் சிற்றாற்றில் விட்டுவிட்டதாகச் சொன்னீர்களே, ஆறு திருப்பிக் கொடுத்ததா?

எனக்கு நீலாவின் விலாசம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
சொக்கம்மாள்


சென்னை
21.8.79

சொக்கம்மாளுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. அருவியும் சாரலும் உன் ஒருத்திக்குச் சொந்தமா? குற்றாலக் காற்றுப் பட்ட எவனுக்கும் அந்த வரி வரும். அறியாத வயசில் நடந்ததைக் கிளறாதே.

நீலா நன்றாக இருக்கிறாள். மாப்பிள்ளை கணபதிசுப்பிரமணியன் தங்கமானவர். குழந்தை இல்லாத குறை ஒன்றுதான். அதற்கும் ராமேஸ்வரம் போய்வரப் போகிறார்கள். உனக்குத் தூத்துக்குடியில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருப்பதாக ஆரம்பத்திலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் அவள் அழுகையை நிறுத்தினாள். அவள் நன்மைக்காகத்தான் சொன்னேன். நீயும் அப்படியே அமைதியாக இரு. உன் இலாகா மேலதிகாரிகள் சிலர் எனக்குப் பழக்கம் என்பதையும் நினைவில் வை.

உன் நலம் விரும்பும்,
கிட்டு


சென்னை
11.2.1980

அன்புள்ள சொக்கம்மாளுக்கு,

ஆறு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். குத்துக்கல்வலசையில் சொந்தமாக வீடு கட்டிக் குடிபோயிருப்பதாக அம்மா எழுதியிருந்தாள். சந்தோஷம்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அதே தயாரிப்பாளர் அடுத்த படம் எடுக்கிறார். "அந்த அருவிப் பாட்டு மாதிரியே ஒண்ணு வேணும்" என்று பிடிவாதமாக இருக்கிறார். நான் எழுதிய பதினோரு பாட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். உன் பெட்டியில் பழையது ஏதாவது மிச்சமிருந்தால் அனுப்பு. அல்லது புதிதாக எழுது. பிரிந்துபோன காதலியை ஹீரோ அழைக்கிறான். அவ்வளவுதான் சிச்சுவேஷன். இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

அன்புடன்,
கிட்டு


குத்துக்கல்வலசை
2.3.1980

கிட்டு அண்ணாவுக்கு,

கேட்டபடி எழுதியிருக்கிறேன். பல்லவியை இங்கே தருகிறேன், சரணங்கள் தனித்தாளில்.

குத்துக்கல்லாய் நிற்கிறேனடி – என்
வலசை போன கிளியே வா
கழுத்தில் மாலை ஏறவில்லையடி – எவர்
கட்டிய கதையும் நம்பாதே வா

உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனை: ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. மெட்டுக்கு இடித்தால் மெட்டை மாற்றச் சொல்லுங்கள்.

சொக்கம்மாள்


சென்னை
16.11.1980

அன்புள்ள சொக்கம்மாளுக்கு,

தீபாவளிக்குப் படம் வந்தது. நீ சொன்னபடி ஒரு சொல்லையும் தொடவில்லை. சிலோன் ரேடியோவில் தினமும் இரண்டு தடவை போடுகிறான். பம்பாயில் மாதுங்கா பக்கமெல்லாம் கேஸட்டில் இதுதானாம். எட்டு வருஷமாக எனக்கு ஒரு வரி எழுதாத நீலாகூட, இந்தப் பாட்டை எப்போது எழுதினாய் என்று கேட்டு கார்டு போட்டிருக்கிறாள். போன மார்ச்சில் என்று பதில் போட்டேன். அண்ணனின் அருமை இப்போதாவது தெரிந்ததே!

மூன்றாவது படத்துக்கும் ஒப்பந்தமாகிவிட்டது. பொங்கலுக்குள் ஒரு பாட்டு வேண்டும்.

கிட்டு


சென்னை
9.1.1981

சொக்கம்மாளுக்கு,

அவசரம். புது வருஷத்தன்று காலையில் மார்க்கெட்டுக்குப் போன நீலா வீடு திரும்பவில்லை. மாப்பிள்ளை நேற்று இங்கே வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அவள் ஏதோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். என்னிடம் காட்ட மறுக்கிறார். நான் சாப்பிடச் சொன்னாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன் பாட்டை மட்டும் என்னைப் பாடச் சொல்லிக் கேட்டார். பாடினேன். "இதை எழுதினது நீங்கதானா?" என்றார். நான் என்ன பதில் சொல்வது?

அவள் அங்கே வந்தாளா? வந்திருந்தால் புத்தி சொல்லி அனுப்பிவை. குடும்ப மானம் உன் கையில் இருக்கிறது.

கிட்டு


குத்துக்கல்வலசை
14.1.1981

மதிப்பிற்குரிய கிட்டு அண்ணாவுக்கு,

நீலா இங்கேதான் இருக்கிறாள்.

குத்துக்கல், வலசை. அடுத்தடுத்த வரியில் ஊர்ப் பெயரை வைத்தேன். தென்காசியில் பிறந்த உங்களுக்கு அது கண்ணில் படாதா என்று பயந்துகொண்டேதான் தபாலில் சேர்த்தேன். உங்களுக்குப் பாட்டுத்தான் தெரிந்தது. எனக்குக் கல்யாணம் ஆனதாக அவளிடம் சொன்ன பொய்யை நீங்களே எனக்கு எழுதியிருந்தீர்கள். மூன்றாவது வரி அதற்குப் பதில். விலாசம் தர மறுத்தீர்கள். அதனால் என் விலாசத்தை உங்கள் கையாலேயே அவளுக்குக் கொடுக்க வைத்தேன்.

கடிதங்கள் ஆற்றோடு போய்விட்டதாக நம்பியிருந்தவள், முதல் பாட்டைக் கேட்டபோது, அந்த வரிகளை நானே உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து ரேடியோவை அணைத்தாளாம். ஒன்றரை வருஷம் என்னை வெறுத்திருக்கிறாள். அதையும் உங்கள் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். இரண்டாவது பாட்டு அவளுக்குப் புரிந்துவிட்டது. அதுவும் பழைய கடிதமா, இப்போது கூப்பிடுகிறேனா என்று அறிய, எப்போது எழுதியது என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. அதற்கும் நீங்களே பதில் போட்டீர்கள்.

ஐந்தாம் தேதி பஸ்ஸை விட்டு இறங்கி, டெலிபோன் சொக்கம்மா வீடு எது என்று விசாரித்து வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "நீதானே எழுதினே? அவன் எழுதலையே?" என்றாள். "நாந்தாம்ட்டி" என்றேன். பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.

மாப்பிள்ளைக்கு எழுதிவைத்த கடிதத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்: யார் யாருக்கு எழுதியது, யார் திருடியது, யார் பொய் சொன்னது. அவர் உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பது நீலாவைத் தேடி அல்ல. உங்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுப் போகத்தான். மன்னியும் பக்கத்தில்தானே இருப்பார்கள்?

புத்தி சொல்லி அனுப்பச் சொன்னீர்கள். என்ன சொல்லட்டும் என்று நீலாவிடமே கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

மூன்றாவது பாட்டை நீங்களே எழுதுங்கள், அண்ணா.

சொக்கம்மாள்