பட்டணத்துப் பாட்டுப் போட்டி

கமலவேணியின் அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் பகல் ரயிலில் பட்டணம் போகிறோம். நாளை மூன்று மணிக்குச் சிறுவர் சங்கீதப் போட்டி. மனுவில் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

“பொட்டப் புள்ள மேடையேறிப் பாடறதா? இன்னா பேச்சு இது?” என்று நேற்று கத்தினீர்கள். இன்று காலை அவள் கல்யாணி ராகம் பாடியபோது, சவரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நீங்கள் தொடையில் தாளம் போட்டதைப் பார்த்தேன்.

தோல் மண்டியிலிருந்து வந்ததும் சாப்பிடுங்கள். அடுப்படியில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் இருக்கின்றன.

தனபாக்கியம்

பி.கு.: “அப்பா வருவாராம்மா?” என்று வாசலில் நின்று கேட்கிறாள். “வராம எங்க போவாரு?” என்று சொல்லிவிட்டேன். காலை ரயிலில் வாருங்கள். சாவியைப் பக்கத்து வீட்டு எல்லம்மாவிடம் கொடுங்கள். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டியிருக்கிறேன்.