அம்மா தலையாட்டிய கேள்விகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள். போனில் சொன்னால் நீ அழுவாய், கூடவே நானும் அழுவேன், அப்புறம் யார் யாரைத் தேற்றுவது? அதனால்தான் கடிதம்.

முதலில் நீ சிரிக்க ஒரு விஷயம். சர்க்கரை நோய் முகாமுக்காக வேனில் மைக் பிடித்து அறிவிக்கிற வேலை கிடைத்தது என்று சொன்னேன் அல்லவா? இனிப்பைக் குறையுங்கள், தினமும் நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று முழங்கிவிட்டு, மைக்கை அணைக்காமலே டீக்கடைக்காரரிடம், "எனக்கு ரெண்டு ஸ்பூன் தூக்கலாவே போடுங்கண்ணே" என்றேன். தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. டிரைவர் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இப்போது ஊரில் என் பெயர் 'ரெண்டு ஸ்பூன்'.

சரி, சிரித்தாகிவிட்டது. இனி மெதுவாகப் படி.

சுகாதார ஆபீஸில் எழுதிக் கொடுத்ததை வீட்டில் உரக்கப் படித்துப் பழகினேன். அம்மா தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அடிக்கடி தாகம் எடுக்கிறதா என்று படித்தேன், தலையாட்டினாள். ராத்திரியில் பலமுறை எழுந்து போகிறீர்களா என்றேன், அதற்கும் ஆட்டினாள். கால் மரத்துப் போகிறதா என்றதும் மிஷினையே நிறுத்திவிட்டாள். என் குரலில் சொக்கிப்போய்விட்டாள் என்று எனக்கு ஒரே மண்டைக்கனம். இன்னும் கொஞ்சம் கம்பீரமாகப் படித்தேன்.

முகாமன்று கூட்டம் காட்டத்தான் அவளையும் வரச் சொன்னேன். நர்ஸம்மா அதே கேள்விகளைக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் அதே மாதிரி தலையாட்டினாள். அப்போதுதான் பாப்பா, எனக்கு உறைத்தது.

விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அதற்குள் ஒரு சின்ன ஆணி தலை நீட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலுக்கு அடியில் புண், சீழ் வைத்திருந்தது. குத்தினதே தெரியலையே என்றாள், அடுத்த வீட்டுக்காரியின் காலைப் பார்ப்பது போல.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து அந்த விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பிக்குமா என்பது சர்க்கரை இறங்கிப் புண் ஆறுவதைப் பொறுத்தது என்கிறார்கள். கட்டு மாற்றும்போது பக்கத்திலேயே நிற்கிறேன். இன்னொரு காலை நானே கழுவித் துடைத்து, விரல் இடுக்கு வரை பார்க்கிறேன். அந்தக் குதிகாலில் அவளுக்கு ஒரு மச்சம் இருப்பது இத்தனை வருஷத்தில் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

நீயும் மாப்பிள்ளையும் இந்த வாரமே போய் ரத்தம் சோதித்துப் பாருங்கள். பெற்றவளுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகமாம். முன்னாலேயே தெரிந்தால் நடையும் அளவான சாப்பாடுமாக அதைத் தள்ளிப்போடலாமாம். நாற்காலி வேலை, நேரமில்லை என்று சாக்குச் சொல்லாதே. நானும் பார்த்துக்கொண்டேன், எல்லைக் கோட்டில் நிற்கிறேன். டீ இப்போது வெறும் கஷாயம்தான். நீ கை கால் சுகத்தோடு நெடுங்காலம் இரு, தாயே.

ஒன்று மட்டும் பாக்கி. வீட்டில் யாருமே இதையெல்லாம் விசாரிக்கவில்லையா என்று உன் அம்மாவிடம் டாக்டர் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னாள்: "இவரு கேட்டுட்டேதான் இருந்தாரு டாக்டர். நான்தான் வாயத் தொறக்கல."

நான் கேட்டேன், ஆனால் பதிலுக்காகக் கேட்கவில்லை என்று அந்த இடத்தில் நான் சொல்லவில்லை. இன்னும் அவளிடமும் சொல்லவில்லை.

உன் அப்பா